சார்பட்டா பரம்பரை: கடைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். விஸ்காம் படிக்கிற பிள்ளைகள் ப்ராஜெக்ட்டுக்கு ஸ்பைரல் போட வருவார்கள். அதில் எப்படியும் ஒருவர் 'சார்பட்டா பரம்பரை' பற்றி எழுதியிருப்பார். "நீங்க இந்த ஏரியாதானேண்ணா?" என்று ஆரம்பித்தால், நான் கடைசிப் பக்கத்துக்கு ஓட்டை போட்டு முடிக்கும்வரை கேள்விதான். சொன்னதையே சொல்லி அலுத்துவிட்டது, அதனால் எழுதி வைத்துவிட்டேன். முடிவு வரை கதையைச் சொல்லித்தான் பேசியிருக்கிறேன். படம் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வரவும்.

என்ன படம், யார் எடுத்தது?

பா. ரஞ்சித் இயக்கிய ஐந்தாவது தமிழ்ப் படம். 'அட்டகத்தி', 'மெட்ராஸ்', 'கபாலி', 'காலா', அப்புறம் இது. 2021 ஜூலை 22 அன்று அமேசான் பிரைமில் வந்தது. 173 நிமிடம், அதாவது மூன்று மணி நேரத்துக்கு ஏழு நிமிடம் குறைவு.

கதை 1970களின் நடுவில் நடக்கிறது. ஹார்பரில் மூட்டை தூக்கும் கபிலனுக்கு (ஆர்யா) குத்துச்சண்டை என்றால் உயிர். ஆனால் அம்மா பாக்கியம் (அனுபமா குமார்) அந்தப் பக்கமே போகக்கூடாது என்கிறார். சார்பட்டா பரம்பரையின் வாத்தியார் ரங்கன் (பசுபதி), எதிர்த்தரப்பான இடியப்ப பரம்பரையின் வேம்புலியிடம் (ஜான் கொக்கேன்) தோற்றால் இனி எங்கள் பரம்பரை கோதாவில் ஏறாது என்று வாக்குக் கொடுத்துவிடுகிறார். யாரும் எதிர்பாராத நேரத்தில் கபிலன் அந்த இடத்துக்கு வந்து நிற்கிறான். மீதியைத்தான் கீழே பேசப்போகிறோம்.

சார்பட்டா என்றால் என்ன? பரம்பரை என்றால் சாதியா?

சாதி இல்லை, ரத்த உறவும் இல்லை. ஒரு வாத்தியாரிடம் பாடம் கற்றவர்கள், அவர்களிடம் கற்றவர்கள் என்று நீளும் கூட்டம்தான் பரம்பரை. சங்கீதத்தில் பாணி என்பார்களே, அது மாதிரி. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று வடசென்னையில் பல பரம்பரைகள் இருந்தன. இரண்டாவது, மூன்றாவது பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் சாதிப் பெயர் நிறுவியவருடையது. உள்ளே ஆடியவர்கள் மீனவர், தலித், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லோரும்தான்.

சார்பட்டா என்ற பெயருக்கு இங்கே வழக்கமாகச் சொல்லும் விளக்கம் நான்கு கத்தி. உருதுவில் 'சார்' என்றால் நான்கு. 'பட்டா' நம் பட்டாக்கத்தியில் இருக்கும் பட்டா. கேட்கச் சுத்தமாகத்தான் இருக்கிறது. பெயர்க் காரணங்கள் எப்போதுமே இவ்வளவு சுத்தமாக இருக்குமா என்ற சந்தேகம் எனக்கு உண்டு, ஆனால் இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

நிஜமாக நடந்த கதையா?

பரம்பரைகள் நிஜம். டிக்கெட் போட்டு, கொட்டகை கட்டி, போஸ்டர் ஒட்டி நடந்த சண்டைகள் நிஜம். கபிலனும் வேம்புலியும் கற்பனை.

ஆனால் இந்த பதிலை ஏரியாவில் யாரும் ஏற்க மாட்டார்கள். படம் வந்த வாரத்தில் டீக்கடைக்கு டீக்கடை ஒரு கபிலன் இருந்தார். எங்க பெரியப்பாதான் அது என்று என்னிடம் சொன்னவர்களே நாலைந்து பேர். ரங்கன் வாத்தியாருக்கு அதைவிட அதிகம் பேர் உரிமை கொண்டாடினார்கள். வேம்புலி எங்க சித்தப்பா என்று மட்டும் ஒருத்தரும் வரவில்லை.

பெரியவர்கள் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் பெயர் கித்தேரி முத்து. சார்பட்டாக்காரர். நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்திய வீரரை அவர் வீழ்த்தியதையும், பெரியார் அவரை 'திராவிட வீரன்' என்று பாராட்டியதையும் இங்கே இன்றைக்கும் சொல்வார்கள். வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டம் இது. ஹார்பரும் ரயில்வேயும் பக்கத்தில் இருந்ததால் மாலுமிகளிடமும் ஆங்கிலோ இந்தியர்களிடமும் இருந்து இங்கே இறங்கியது. அந்த ஆட்டத்தில் அவர்களையே அடித்தது என்றால் தெருவே தூங்கியிருக்காது. படத்தில் டாடி என்று எல்லோரும் கூப்பிடும் கெவின் (ஜான் விஜய்) பாத்திரம் இந்த வரலாற்றின் மிச்சம். தமிழும் இங்கிலீஷும் கலந்து ஒரே மூச்சில் பேசும் அவரைப் போன்றவர்களை ராயபுரத்திலும் பெரம்பூரிலும் நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன்.

கேமராவுக்குப் பின்னால் யார் யார்?

ரஞ்சித்துடன் சேர்ந்து எழுதியவர் தமிழ்ப்பிரபா, 'பேட்டை' நாவல் எழுதியவர். ஒளிப்பதிவு முரளி ஜி. 'மெட்ராஸ்' முதல் இந்தப் படம் வரை ரஞ்சித்துடன் இருந்தவர். இசை சந்தோஷ் நாராயணன், 'அட்டகத்தி'யிலிருந்தே இருந்தவர். படத்தொகுப்பு செல்வா ஆர்.கே. கலை த. ராமலிங்கம். சண்டைப் பயிற்சி அன்பறிவ் இரட்டையர்கள். 'கே.ஜி.எஃப்' முதல் பாகத்துக்காகத் தேசிய விருது வாங்கியவர்கள்.

சண்டைகளில் அப்படி என்ன விசேஷம்? மற்ற ஆக்‌ஷன் படத்திலும்தான் அடிக்கிறார்கள்.

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

வழக்கமான படத்தில் ஹீரோ இருபது பேரை அடிப்பார். அந்த இருபது பேருக்கும் முகம் இருக்காது. முதல் ஆள் விழுவதற்கும் பதினெட்டாவது ஆள் விழுவதற்கும் வித்தியாசம் காற்றில் பறக்கும் சட்டைதான். இங்கே ஒவ்வொரு எதிராளியும் ஒரு கணக்கு. வேம்புலி உடம்பு. முன்னால் வந்துகொண்டே இருப்பான், வாங்கினால் எலும்பு பேசும். ராமன் (சந்தோஷ் பிரதாப்) சார்பட்டாவிலேயே பாடம் படித்தவன். முறையெல்லாம் சரியாக இருக்கும், உள்ளே தீ இருக்காது. டான்சிங் ரோஸ் கால். கபிலன் யார் என்றால், யாரிடமும் முறையாகக் கற்காமல் வருடக்கணக்காக வேடிக்கை பார்த்தே கற்றவன். வாத்தியார் அடுத்தவனுக்குச் சொன்னதையெல்லாம் தன் உடம்பில் எழுதி வைத்திருப்பவன். அதனால் ஒரு கணக்கை இன்னொரு கணக்கோடு மோதவிட்டால் என்ன ஆகும் என்பதே ஒவ்வொரு சண்டையிலும் கதையாகிவிடுகிறது. 'யார் ஜெயிப்பார்' என்பதைவிட 'எப்படி' என்று யோசிக்க வைக்கிறது.

இன்னொன்று, சத்தம். ரிங்குக்கு வெளியே இருக்கும் கூட்டத்தைக் கவனியுங்கள். பலகையில் நிற்கிறவன், கம்பத்தில் தொங்குகிறவன், எதிர்த்தரப்பைப் பார்த்துக் கையைக் காட்டிக் கத்துகிறவன். ஆரம்பத்தில் ஹார்பர் சங்கு ஊதியதும் வேலையை விட்டுவிட்டு சண்டை பார்க்க ஓடுகிறார்களே, அந்த ஓட்டத்திலேயே படம் பாதி ஜெயித்துவிட்டது. மாதச் சம்பளம் இல்லாத ஊரில் டிக்கெட் வாங்கிச் சண்டை பார்ப்பது செலவு. அந்தச் செலவைச் செய்துவிட்டு வந்தவனின் சத்தம் அப்படித்தான் இருக்கும்.

குறை சொல்லவும் இருக்கிறது. கை கொஞ்சம் அதிகமாகவே கீழே இறங்குகிறது. நிஜ ரிங்கில் தாடையை இப்படித் திறந்து வைத்தால் இரண்டாவது ரவுண்டு பார்க்க முடியாது. ஆனால் கையை மேலே வைத்தால் நடிகரின் முகம் தெரியாதே. பாக்ஸிங் படம் எடுக்கிற எல்லோரும் செய்துகொள்ளும் சமாதானம் இது.

டான்சிங் ரோஸ் ஏன் இவ்வளவு பேசப்பட்டார்?

ஷபீர் கல்லரக்கல் நடித்த பாத்திரம். படத்தில் வருவது கொஞ்ச நேரம். அந்த வாரம் முழுக்க எல்லோருடைய போனிலும் அவர்தான்.

இதைச் சொல்ல எங்கள் எதிர்வீட்டுத் தாத்தாவை இழுத்தாக வேண்டும். ஊரடங்கு முழுசாக முடியாத நேரம். படம் வந்த அன்று ராத்திரி எங்கள் வீட்டு டி.வி. முன்னால் பதினோரு பேர். தாத்தா வாலிபத்தில் சண்டை பார்க்க கண்ணப்பர் திடல் வரைக்கும் போனவர். சேரை டி.வி.க்கு ரொம்பப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், மறைக்குது என்று பிள்ளைகள் கத்தியும் நகரவில்லை. ரோஸ் குட்டிக்கரணம் போட்டு ரிங்குக்குள் வந்ததும் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "மூஞ்சியைப் பாக்காத, காலைப் பாரு" என்றார். பார்த்தோம். குதிகால் தரையில் படவே இல்லை. கோமாளி மாதிரி தோளை ஆட்டுகிறான், கையைத் தொங்கவிடுகிறான், கபிலன் வீசுகிற குத்து எல்லாம் காற்றுக்குப் போகிறது. பழைய நசீம் ஹமீது சண்டைகளை யூடியூபில் பார்த்தவர்களுக்கு இந்த ஆட்டம் பழகியதாக இருக்கும். முதலில் திணறும் கபிலன் மெதுவாகத் தாளத்தைப் பிடிக்கிறான். அவன் பிடித்துவிட்டான் என்பதை வசனம் சொல்வதற்கு முன்னாலேயே தாத்தா கண்டுபிடித்து, "அவ்ளோதான், ரோஸு காலி" என்று சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

ரோஸ் தோற்கிறான். ஆனால் அவமானப்பட்டுப் போவதில்லை. வில்லன் தரப்பு ஆளாக இருந்தும் தன் ஆட்டத்தின் மேல் மரியாதை உள்ளவனாக எழுதியிருக்கிறார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கபிலனை விட்டுவிட்டு மறுநாள் ரோஸ் மாதிரி நடந்ததற்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

வடசென்னை பாஷை சரியாக இருக்கிறதா?

எழுத்தில் சரி. தமிழ்ப்பிரபாவின் காது நல்ல காது. 'இன்னா', 'கீது' என்று ரெண்டு வார்த்தையைத் தூவிவிட்டு மெட்ராஸ் பாஷை என்று சொல்லும் வேலை இங்கே இல்லை. கோபத்துக்கு ஒரு வேகம், கெஞ்சலுக்கு ஒரு இழுப்பு என்று வாக்கியமே மாறுகிறது.

வாயில் எல்லோருக்கும் சரியில்லை. ஆர்யா உடம்பில் கொண்டுவந்த கபிலனை நாக்கில் முழுசாகக் கொண்டுவரவில்லை. பேசாமல் நிற்கும் இடங்களில் அவர் பிரமாதம். பசுபதி நேர் எதிர், 'கபிலா' என்று கூப்பிடுவதிலேயே எத்தனை விதம். கூத்துப்பட்டறையில் வளர்ந்த நடிகர் என்று அந்தக் குரலிலேயே தெரியும். கபிலன் சைக்கிள் மிதிக்க, பின்னால் ரங்கன் வாத்தியார் உட்கார்ந்து வருவதை ஊரே மீம் ஆக்கியது. சிரிப்புக்காக என்றாலும், அந்தப் படத்தில் வாத்தியாரின் முதுகு எவ்வளவு நேராக இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.

ஒரு சின்ன விஷயம். இந்தப் பக்கத்தில் 'வாத்தியாரே' என்றால் சினிமாக் கொட்டகையில் எம்.ஜி.ஆர்., பாக்ஸிங் கொட்டகையில் குரு. இதில் தி.மு.க. கரை வேட்டி கட்டிய ஒருவரைப் படம் முழுக்க வாத்தியாரே என்று கூப்பிடுகிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு இதில் ஒன்றும் தெரியாது. எங்கள் தெருவில் ரெண்டு பேர் அதற்கே முகத்தைச் சுளித்தார்கள்.

பாக்ஸிங் படத்தில் எமர்ஜென்சி எதற்கு?

1975 ஜூன் 25 ராத்திரி நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தமிழ்நாட்டில் தி.மு.க. ஆட்சியைக் கலைத்தார்கள். கட்சிக்காரர்களை, விசாரணை இல்லாமல் அடைக்கும் மிசா சட்டத்தில் பிடித்துப் போட்டார்கள். ரங்கன் வாத்தியார் கட்சிக்காரர். கபிலன் வேம்புலியை வீழ்த்தப்போகும் நேரத்தில்தான் அரசியலும் ரிங்குக்குள் ஏறுகிறது. வாத்தியாரைப் பிடிக்க போலீஸ் வந்து நிற்கிறது. அந்தக் குழப்பத்தில் ராமனின் மாமா தணிகையின் ஆட்கள் புகுந்து சண்டையைக் கலைத்து, கபிலனின் துணியை உருவி அவமானப்படுத்துகிறார்கள். ஒரு கூலித் தொழிலாளி ஜெயிக்கக்கூடாது என்று நினைப்பவனுக்கு, நாட்டில் நடக்கும் கலவரம் எவ்வளவு வசதியாகிறது என்பதைக் காட்டும் இடம் அது. தணிகை எந்த ஆத்திரத்தில் அதைச் செய்கிறான் என்பதற்குச் சாதிப் பெயரைச் சொல்லவே இல்லை. சொல்லாமலேயே இங்கே எல்லோருக்கும் புரிந்தது.

இன்னொரு வரலாறும் கதைக்குத் தேவை. தமிழ்நாட்டில் மதுவிலக்கை 1971இல் தளர்த்தி, 1974இல் மறுபடி கொண்டுவந்தார்கள். 1981இல்தான் எம்.ஜி.ஆர். ஆட்சியில் திரும்பத் திறந்தது. அந்த இடைவெளியில் கள்ளச்சாராயம்தான் காசு. படத்தின் பிற்பாதியில் ரங்கன் வாத்தியாரின் மகன் வெற்றிச்செல்வன் (கலையரசன்) செய்யும் தொழில் அதுதான், கபிலன் போய்ச் சேருவதும் அதில்தான்.

எம்.ஜி.ஆரைத் தவறாகக் காட்டியதாகச் சர்ச்சை வந்ததே?

வந்தது. அ.தி.மு.க.வின் முன்னாள் அமைச்சர் டி. ஜெயக்குமார், இது தி.மு.க.வின் பிரச்சாரப் படம், எம்.ஜி.ஆரைச் சரியாகக் காட்டவில்லை என்ற பொருளில் அறிக்கை விட்டார். அவர் இதே ராயபுரத்தின் பல வருட எம்.எல்.ஏ., அந்த 2021 தேர்தலில்தான் தோற்றிருந்தார். அதனால் எங்கள் கடை வாசலில் விவாதம் சினிமா விமர்சனமாக இல்லாமல் உள்ளூர் அரசியலாகவே நடந்தது.

அவர் பக்கம் ஒரு நியாயம் உண்டு. எம்.ஜி.ஆர். முதல்வராக இருந்த 1980இல் முகமது அலியே சென்னைக்கு வந்தார். நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். குத்துச்சண்டைக்கும் எம்.ஜி.ஆர். காலத்துக்கும் பகை என்று யாராவது புரிந்துகொண்டால் அது தப்பு. ஆனால் படம் அப்படிச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. கட்சி மாறிப் பிழைக்கத் தெரிந்த உள்ளூர் ஆட்களைத்தான் காட்டுகிறது. கரை வேட்டியின் நிறம் எதுவாக இருந்தாலும் அந்த ஆட்களை எங்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேள்வி வந்தது. தி.மு.க.வை இவ்வளவு நல்லவிதமாகக் காட்ட வேண்டுமா என்று ரஞ்சித்தின் வழக்கமான ரசிகர்கள் சிலரே கேட்டார்கள்.

இரண்டாம் பாதி இழுவை என்று எல்லா விமர்சனத்திலும் எழுதினார்களே?

ஏறக்குறைய எல்லாவற்றிலும். முதல் பாதியையும், பசுபதியையும், காலத்தைக் கட்டியெழுப்பிய விதத்தையும் கொண்டாடிவிட்டு, ஆனால் இடைவேளைக்குப் பிறகு, என்று ஒரு பத்தி இருக்கும். நீளம் அதிகம், கபிலனின் சரிவு அலுப்பு, முடிவு முன்கூட்டியே தெரிகிறது. ப்ராஜெக்ட் பிள்ளைகளும் இதை அப்படியே எடுத்து எழுதிவிடுகிறார்கள்.

எனக்கு இதில் பாதி சம்மதம். சாராயம், சண்டை, அழுகை, மறுபடி சாராயம் என்று ஒரே காட்சி மூன்று முறை வருகிறது. பத்து நிமிடம் வெட்டியிருந்தால் யாரும் தேடியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்தச் சரிவே வேண்டாம் என்றால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாக்கியம் மகனை ஏன் தடுக்கிறாள்? கபிலனின் அப்பா நல்ல குத்துச்சண்டைக்காரர். அந்தக் கை பிறகு ரவுடித்தனத்துக்குப் போனது, வெட்டுப்பட்டுச் செத்தார். அடிக்கக் கற்ற கை ரிங்கை விட்டு இறங்கிய பிறகு எங்கே போகும் என்பதுதான் அவள் பயம். முதல் பாதி முழுக்க நாம் அவளை விவரம் தெரியாத அம்மா என்று நினைக்கிறோம். பிற்பாதியில் அவள் சொன்னதெல்லாம் அப்படியே நடக்கிறது. அதே மகன், அதே கை, சாராயக்காரனுக்குக் காவல் நிற்கிறது. தொப்பை போட்டுக்கொண்டு ஆர்யா வந்து நிற்கும் அந்தக் காட்சியில் எங்கள் வீட்டில் பதினோரு பேரும் அமைதியானோம். அந்த மாதிரி ஒருவரைத் தெரியாதவர் அந்த அறையில் யாரும் இல்லை.

வடசென்னை என்றால் சினிமாவுக்கு அரிவாள்தான். இங்கே பிறந்த பிள்ளைகள் வேலைக்குப் போன இடத்தில் 'ராயபுரமா, அப்போ ரவுடி ஏரியாதானே' என்ற சிரிப்பை வாங்கியவர்கள். இந்தப் படம் கத்தி இல்லாத வடசென்னையைக் காட்டியது என்று சிலர் பாராட்டினார்கள், அது சரியில்லை. கத்தியும் இருக்கிறது. கைக்கும் கத்திக்கும் நடுவில் எவ்வளவு தூரம், அந்தத் தூரத்தைக் காப்பாற்ற யார் யார் பாடுபடுகிறார்கள் என்பதைக் காட்டியது. அம்மா பாடுபடுகிறாள், பெண்டாட்டி பாடுபடுகிறாள், கடைசியில் கடற்கரையில் கபிலனுக்குப் பயிற்சி கொடுக்கும் பீடி ராயப்பன் பாடுபடுகிறார். முதலில் போகாதே என்ற அதே அம்மா கடைசியில் போய்ச் சண்டை போடு என்கிறாள். இடையில் அந்தச் சரிவு இல்லாமல் இந்த வார்த்தைக்கு எங்கிருந்து வலு வரும்?

மாரியம்மாவைப் பற்றி?

கபிலனின் மனைவி, நடித்தவர் துஷாரா விஜயன். கல்யாணத்தன்று வெட்கப்பட்டுக் குனிந்து நிற்காமல் மேளத்துக்கு ஆடுகிறாள். அந்த ஆட்டத்துக்கே பெண்கள் பக்கம் படம் ஜெயித்துவிட்டது. அவள் புருஷனைத் திட்டும் காட்சிகளில் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அதற்கு மேல் இங்கே எழுத விருப்பமில்லை.

தியேட்டரில் ஏன் வரவில்லை?

கொரோனா இரண்டாவது அலை. அப்போது தியேட்டர்கள் மூடிக் கிடந்தன, ஆகஸ்ட் கடைசியில்தான் திறந்தார்கள். இந்தப் படத்துக்கு நடந்த பெரிய அநியாயம் இதுதான். தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் இதை முதல் நாள் முதல் ஷோ பார்த்திருந்தால் திரையில் இருக்கும் கூட்டத்துக்கும் கீழே இருக்கும் கூட்டத்துக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. அகஸ்தியாவும் 2020இலேயே மூடிவிட்டது.

பாட்டு விஷயத்தில் ஏதோ பிரச்சினை ஆனதே?

படத்தைப் பற்றியது இல்லை, பாட்டைப் பற்றியது. படத்தில் வரும் 'நீயே ஒளி'யை எழுதியவர் பாடலாசிரியர் அறிவு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியா பத்திரிகை அந்தப் பாட்டையும் 'எஞ்சாய் எஞ்சாமி'யையும் குறிப்பிட்டு அட்டைப்படம் போட்டபோது பாடகி தீயும் ராப் பாடகர் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், இரண்டையும் எழுதிய அறிவு இல்லை. ரஞ்சித் வெளிப்படையாகக் கேட்டார். பெரிய சத்தம் ஆனது. பிறகு அறிவை வைத்தும் ஒரு அட்டை வெளியிட்டார்கள்.

படத்தில் வரும் இடங்களை நேரில் பார்க்க முடியுமா?

கொட்டகையும் தெருக்களும் பெரும்பாலும் செட். 1975இன் வடசென்னை இன்றைக்கு எங்கே இருக்கிறது? கேமராவைத் திருப்பினால் மெட்ரோ தூண்தான் வரும். காலத்தை முகர்ந்து பார்க்க வேண்டுமென்றால் 1856இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அப்புறம் விடியற்காலையில் காசிமேடு. கேமராவோடு போனால் வழியை மறைக்காதீர்கள், மீன் கூடையோடு வருகிறவர்கள் ரங்கன் வாத்தியார் மாதிரி பொறுமையாகப் பேச மாட்டார்கள்.

இரண்டாம் பாகம்?

2023 மார்ச்சில் அறிவித்தார்கள். ஆர்யாதான்.

இப்போதும் இங்கே பாக்ஸிங் இருக்கிறதா?

டிக்கெட் போட்டு நடக்கும் பரம்பரைச் சண்டைகள் போய்விட்டன. ரிங்கில் முடிய வேண்டியது வெளியே ரசிகர்களுக்குள் தொடர்ந்தது, போலீஸ் அனுமதி கொடுப்பதை நிறுத்தியது. இப்போது இருப்பது தலைக்கவசம், வயதுப் பிரிவு, எடைப் பிரிவு எல்லாம் உள்ள விளையாட்டுப் போட்டி. மொட்டை மாடியிலும் மாநகராட்சி மைதான ஓரத்திலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மூட்டை தொங்கும். கிளவுஸ் வாங்க முடியாத பிள்ளைகள் கையில் துணி சுற்றிக்கொண்டு ஆரம்பிப்பார்கள். ஒருவருடைய கிளவுஸை நாலு பேர் மாற்றி மாற்றிப் போடுவதால் அதற்குள் இருக்கும் நாற்றத்தை எந்தப் படத்திலும் காட்ட முடியாது.

போன மாதம் ஒரு அம்மா கடைக்கு வந்தார். பதிமூன்று வயது மகள், மாவட்டப் போட்டி. பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்று, டாக்டர் கொடுத்த உடல்தகுதிச் சான்று எல்லாம் மூன்று செட் வேண்டும் என்றார். மகள் வெளியே படிக்கட்டில் உட்கார்ந்து கைக்கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். நான் காகிதத்தை அடுக்கும்போது அம்மா குரலைத் தாழ்த்தி, "மூஞ்சியில படுமாண்ணா?" என்று கேட்டார். படும் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் உடல்தகுதிச் சான்றை மட்டும் இன்னொரு காப்பி போடச் சொல்லிவிட்டு, பர்ஸில் சில்லறையைத் தேட ஆரம்பித்தார்.